விழிஞ்ஞம் தாண்டியும் இரண்டாயிரம் அடி

நான் விமானம் ஓட்டுகிறவன் என்பதை என் அப்பா முழுசாக நம்பியதே இல்லை. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் டாக்டர் உண்டு, பாங்க் மானேஜர் உண்டு, செக்ரடேரியட்டில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. பைலட் நான் ஒருவன்தான். அப்பா மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷினையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் லீவில் வீட்டுக்கு வந்தால், காப்பி கைக்கு வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடும்.

"இன்னிக்கு நீ ஓட்டினயா, அது ஓட்டித்தா?"

"ரெண்டு பேரும்தான், அப்பா."

"அப்போ சம்பளத்திலேயும் பாதி அதுக்குப் போறதோ?"

கேட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பதிலுக்குச் சண்டை போட முடியாது. நேர்மையாகப் பார்த்தால் பாதிகூட நான் ஓட்டவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் கம்பெனிக்குப் புது விமானங்கள் வந்திருந்தன. முள் ஆடும் பழைய மீட்டர்களெல்லாம் போய், காக்பிட் முழுக்க டிவி மாதிரி திரைகள். கம்பெனி கூடவே ஒரு விதியும் கொண்டுவந்தது. தரையை விட்டு எழும்பிச் சில நூறு அடி போனதும் விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட வேண்டும். இறங்கும்போது ரன்வே பக்கத்தில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நடுவில் கை வைக்கக் கூடாது. கையால் ஓட்டினால் எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கும், பயணிகளுக்குக் குலுங்கும் என்று சுற்றறிக்கையில் காரணம் போட்டிருந்தது. யார் எப்போது போட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்பதையெல்லாம் விமானத்தில் ஒரு பெட்டி பதிவு செய்துகொண்டே இருக்கும். தலைமை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து அதைப் படிப்பார். படித்துவிட்டுக் கடிதம் போடுவார். கடிதம் "விளக்கம் தருக" என்று முடியும். ஒரு கடிதம் வாங்கினவன், அடுத்த மாதத்திலிருந்து விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நான் கடிதம் வாங்காமலே அப்படி உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வர ஒன்றேகால் மணி நேரம். அதில் என் கை விமானத்தின் மேல் இருந்தது ஏறும்போது ஒரு நிமிடம், இறங்கும்போது ஒரு நிமிடம். மீதி நேரம் பொத்தானை அழுத்துவேன், எண்ணைத் திருப்பி வைப்பேன், சாப்பிடுவேன். கால்குலேட்டர் வந்த பிறகு பதினேழாம் வாய்ப்பாடு போன மாதிரி என்னிடமிருந்து என்னவோ போய்க்கொண்டிருந்தது. போனதும் எனக்குத் தெரியவில்லை. வாய்ப்பாடும் அப்படித்தானே, யாராவது கேட்டால்தானே தெரியும்.

அந்த வருஷம் என்னைக் கேட்டார்கள். ஏழு வருஷமாக வலது பக்கத்து சீட்டில் கோ-பைலட்டாக இருந்தவன், கேப்டனாக இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஒரு சோதனைப் பயணம் ஓட்டிக் காட்ட வேண்டும். பக்கத்தில் பரிசோதகர் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார். நான் ஏற்கனவே ஒரு தடவை போய், குறுக்குக் காற்று அடித்த ஒரு நாளில் விமானத்தைக் கோணலாகப் போட்டு, பெயிலாகித் திரும்பியிருந்தேன். இரண்டாவது தடவையும் பெயிலானால் மூன்று வருஷம் பெயரையே எடுக்க மாட்டார்கள். அதற்குள் எனக்கு அப்புறம் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இடது பக்கம் போயிருந்தார்கள். அவர்கள் என்னிடம்தான் செக்லிஸ்ட் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். இப்போது நான் அவர்களை "சார்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது.

பரிசோதகர் நாகர்கோவில்காரர். விமானப் படையில் இருந்துவிட்டு வந்தவர், ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை. மூன்று வார்த்தையில் என் ஊரைக் கண்டுபிடித்து, "கரமனையா? அப்ப நம்ம பக்கத்துப் பயதான்" என்று அன்றிலிருந்து டே போட ஆரம்பித்தவர். ஒரு காலத்தில் ரேடியோ தவிர ஒன்றும் இல்லாத விமானங்களைப் பனிமலைக்குள் கொண்டுபோய் இறக்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கேட்டால் அவர் மறுக்கவும் மாட்டார்.

பங்குனி மாதத்து மத்தியானம். சென்னையில் ஒருவருடைய பெட்டி ஏறி ஆள் ஏறாததால், அதைத் தேடி இறக்கி, முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பினோம். வேறு நாளாக இருந்தால் கவலை இல்லை. அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஆராட்டு. சாமி கடலுக்கு நீராடப் போகிற பாதை ரன்வேயைக் குறுக்காக வெட்டிப் போகிறது. ரன்வே பின்னால் வந்தது, சாமி முன்னால் வந்தவர், ஆகவே வருஷத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள். அன்றைக்கு நாலு மணிக்கு மூடுவதாக அறிவிப்பு. நாலுக்கு முன்னால் இறங்காவிட்டால் கொச்சிக்குப் போக வேண்டியதுதான்.

போதாததற்கு, ஐ.எல்.எஸ். அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ரன்வே வரைக்கும் விமானத்தைக் கயிறு கட்டி இழுப்பது போலக் கொண்டுவந்து விடும் ரேடியோ கருவி அது. நிறுத்துவார்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததுதான். வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. கண்ணால் பார்த்துக் கையால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். விமானப் பள்ளியில் முதல் மாதம் சொல்லித் தருகிற பாடம்.

மூன்று நாற்பதுக்கு விழிஞ்ஞம் மேலே வந்தோம். துறைமுகத்துக்குள் மீன்படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அதைத் தாண்டி ஏழு மைலில் ரன்வே, நேர் எதிரே, சாம்பல் நிறத்தில், யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. நாங்கள் இரண்டாயிரம் அடியில் இருந்தோம். அங்கிருந்து மூக்கைத் தாழ்த்தினால் அது தானாக வந்து சேரும். ஆட்டோபைலட்டை எடுத்தேன். ஸ்டிக்கைப் பிடித்தேன்.

என் முன்னால் இருந்த திரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் சேருகிற இடத்தில் விமானத்தை வைத்துக்கொண்டால் போதும், சொன்ன இடத்துக்குப் போய்விடும். புது விமானங்கள் வந்ததிலிருந்து அந்தக் கோடுகள்தான் எனக்குக் குலதெய்வம். ஆனால் நாங்கள் கடைசியாக அவற்றிடம் சொல்லி வைத்திருந்தது "இரண்டாயிரம் அடியில் இரு" என்பதுதான். கண்ணால் பார்த்து இறங்கும்போது கோடுகளை அணைத்துவிட வேண்டும். நான் அணைக்கவில்லை. கோடு நேராகப் போ என்றது, நான் நேராகப் போனேன்.

ரொம்ப அழகாகப் போனேன். ஒரு அடி ஏறவில்லை, ஒரு அடி இறங்கவில்லை. இத்தனை மாதம் கழித்தும் கை மறக்கவில்லையே என்று எனக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ரன்வே பெரிதாகிக்கொண்டே வந்து, பிறகு கீழே நழுவி, விமானத்தின் மூக்குக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். ரன்வே ஏன் இப்படிக் கீழே போகிறது என்று யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பு ரன்வேயுடையது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எங்கடே போற, கொல்லத்துக்கா?" என்றார் பரிசோதகர். "ரன்வே கீழ கெடக்குல்லா!"

அப்போதும் நான் கோட்டைத்தான் பார்த்தேன். அவர் பொறுமை இழந்து, இனி விமானம் என் பொறுப்பு என்று முறைப்படி சொல்லி, தன் பக்கத்து ஸ்டிக்கைப் பிடித்தார். பனிமலைக்குள் இறக்கிய கை. பிடித்ததும் அந்தக் கை செய்த முதல் காரியம், ஆட்டோபைலட்டைப் போட்டது.

ஆட்டோபைலட் கடமை தவறாத சிப்பந்தி. கடைசியாக என்ன உத்தரவு என்று பார்த்தது. இரண்டாயிரம் அடி. நேராகப் போனது. நூற்றுச் சொச்சம் பயணிகளோடு, பட்டப்பகலில், ரன்வேயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அதன் தலைக்கு மேலே பறந்து, சங்குமுகம் கடற்கரையைக் கடந்து கடலுக்குள் போனோம்.  கண்ட்ரோல் டவரில் இருந்தவர் ஆங்கிலம் மறந்துபோய் மலையாளத்தில் கேட்டார்.

"எந்தா சாரே, லாண்ட் செய்யுன்னில்லே?"

சுற்றி வருகிறோம் என்று பரிசோதகர் பதில் சொன்னார்.  மணி மூன்று நாற்பத்தைந்து. நாலு மணிக்கு மூடிவிடுவோம் என்று டவர் ஞாபகப்படுத்தியது. கடல் மேலே திரும்பும்போது அவர் கையை நீட்டி இரண்டு பக்கத்துத் திரையிலும் கோடுகளை அணைத்தார். பிறகு ஆட்டோபைலட்டையும் எடுத்தார்.

"இந்தா, நீ பிடி. வெளிய பாத்து ஓட்டு."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். 

அந்த இரண்டாவது தடவை நான் ஓட்டியதை அழகு என்று யாரும் சொல்ல முடியாது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டித் திரும்பினேன். கொஞ்சம் உயரத்தில் வந்தேன், அதைச் சரி செய்யப் போய்க் கொஞ்சம் தாழ வந்தேன். வேகம் கூடியது, குறைத்தேன், ரொம்பக் குறைந்தது, கூட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரன்வேயில் சக்கரம் தொம்மென்று விழுந்தபோது பின்னால் யாரோ "எண்டம்மே" என்று கத்தியது காக்பிட் கதவைத் தாண்டிக் கேட்டது. நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. இறங்கிவிட்டோம்.

பயணிகள் போய்விட்டார்கள். எங்களால் போக முடியவில்லை, ஊர்வலத்துக்காக வெளியே ரோட்டை அடைத்திருந்தார்கள். பைலட்கள் உட்காரும் அறையின் ஜன்னல் ரன்வே பக்கம் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் வந்தது. முதலில் அலங்கரித்த யானை, பின்னால் வாளும் கேடயமும் பிடித்தவர்கள், அப்புறம் வாகனங்களில் சாமி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைவிட்ட ரன்வேயை யானை ஒரு தடவையில் சரியாகக் கடந்து போனது.

பரிசோதகர் ஜன்னலைப் பார்க்காமல் என் மார்க் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் தடவை ஏன் இறங்கவில்லை என்ற கட்டத்தில் "பறவைகள்" என்று எழுதினார். முடிவு என்ற கட்டத்தில் பாஸ் என்று எழுதப் போனார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"என்ன பறவை, சார்?"

"பருந்து. இந்த ஏர்போர்ட்டுல பருந்துக்கா பஞ்சம்?"

"நான் ஒரு காக்காகூடப் பாக்கலையே."

"டே, வாய மூடு." பேனாவை வைத்தார். "நீ கோட்டப் பாத்துப் போனன்னு எழுதினா நீ பெயிலு. மூணு வருசம். அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னும் எழுதணும்லா? அத யாரு எழுதுவா, எனக்க அப்பனா?"

 பிறகு ஜன்னலுக்குத் திரும்பி, யானை போன பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாலு வருசமா பரிசோதகர்டே நான். பக்கத்துல இருந்து அடுத்தவன் ஓட்டுகதத்தான் பாக்கேன். கையால ஒரு விமானத்தக் கீழ கொண்டுவந்து எத்தன மாசம் ஆச்சுன்னு எனக்கே தெரியாது. இன்னைக்குப் பிடிச்ச ஒடனே எனக்குப் பயம் வந்துட்டு. பயம் வந்தா கை எங்க போச்சு பாத்தியா?"

அந்த மனிதர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. என் கோபம் முழுக்க அவர் மேல் இருந்தது, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் படிவத்தை வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். எனக்கு எங்கள் வீட்டு வாய். அது எங்கே மூட வேண்டுமோ அங்கே மூடாது.

"நாளைக் காலம்பர சென்னைக்குத் திரும்பறோமே, சார். முழுசும் கையாலயே போவோம். கோடும் வேண்டாம், ஆட்டோபைலட்டும் வேண்டாம். பாதி நான், பாதி நீங்க. முடிஞ்சா பாஸ் போடுங்கோ. முடியலைன்னா நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. பருந்து வேண்டாம்."

"லெட்டர் வரும்டே."

"வரட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பைத்தியமா என்ற கேள்வி இருந்தது. ஆனால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிது ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஊரிலேயே வீடு இருந்தும் டூட்டி நாளில் கம்பெனி போட்ட ஓட்டலில்தான் தங்க வேண்டும், அங்கே போனதும் எனக்குப் புத்தி வந்தது. பாஸ் என்று எழுதப் போன பேனாவைத் தடுத்த முட்டாள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

காலையில் நான்தான் எழுப்பினேன். விமானத்தை, பரிசோதகரை அல்ல. அவர் எனக்கு முன்னால் தயாராகி வந்து நின்றார். கடல் மேலே ஏறி வலது பக்கம் திரும்பி, ஊரைக் கடந்து, மலைகளைப் பார்த்துப் போனோம். வழக்கமாக ஆட்டோபைலட்டைப் போடுகிற உயரம் வந்தது. என் விரல் பழக்கதோஷத்தில் பொத்தானுக்குப் போய், திரும்பி வந்தது. முதல் பத்து நிமிடம் நரகம். ஐம்பது அடி ஏறும், எண்பது அடி இறங்கும், பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு போகும். சின்ன மீனைக் கையில் பிடித்தது போல. தலைமைப் பணிப்பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், டர்புலன்ஸா? காப்பி ஊத்தலாமா வேண்டாமா?"

"டர்புலன்ஸ் இல்லம்மா, நாங்கதான்" என்றார் பரிசோதகர். "பாதி கப்பு ஊத்து."

பிறகு எப்போது என்று தெரியாமல் அது நின்றது. நான் இறுக்கிப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். விமானம் எனக்குச் சொன்னது, நான் அதற்குச் சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போது காற்று ஒரு உதை விட்டது. அது திரையில் தெரிவதற்கு முன்னால் என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பரிசோதகர் சொல்லித்தான் கவனித்தேன். சந்தோஷமாக இருந்தது. இந்த வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மதுரைக்குப் பக்கத்தில் அவரிடம் கொடுத்தேன். அவரும் முதலில் வியர்த்தார், பிறகு மீசைக்குள் என்னவோ பாடினார். கீர்த்தனையா, ஜெபப் பாட்டா என்று தெரியவில்லை, சுருதி அப்படி. சென்னையில் நான் இறக்கினேன். பயணிகள் யாரும் கத்தவில்லை, கை தட்டவும் இல்லை. தொட்டது தெரியாமல் தொட்டிருந்தது.

அவர் சொன்னபடி எழுதினார். முதல் தடவை நான் கோட்டைப் பார்த்துப் போனது, அவர் ஆட்டோபைலட் போட்டது, இரண்டாவது தடவை நான் இறங்கியது, திரும்பும்போது கையால் வந்தது, எல்லாம். கடைசியில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது, இரண்டு பேருக்கும். ரன்வேக்கு மேலே நேராகப் பறந்து போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. உயரம் சரியாக இருந்தது, வேகம் சரியாக இருந்தது, ஆட்டோபைலட் போட்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. படிவத்தை யாரும் படித்ததாகவும் தெரியவில்லை. மறுநாள் காலை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டோபைலட் பயன்படுத்தாதது ஏன், விளக்கம் தருக என்று மட்டும் கேட்டிருந்தது. ஓட்டத் தெரிகிறதா என்று பார்த்தோம் என்று நான் எழுதினேன். என் பாஸை ரத்து செய்தார்கள். அவருடைய பரிசோதகர் பதவியைப் பறித்து, சாதாரண கேப்டனாகப் பழையபடி ரூட்டில் போட்டார்கள்.

எனக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், திருத்தப் பயிற்சி என்று பெயர். தரையில் நிற்கிற போலி விமானத்தில் இரண்டு நாள். புதுப் பரிசோதகர் மரியாதையான இளைஞர். எழும்பியதும் ஆட்டோபைலட்டைப் போடுங்கள் என்றார். போட்டேன். கோடுகள் சொன்ன இடத்துக்கெல்லாம் போனேன். வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. மூன்று வருஷம் என்ற சொல் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. "மிக நன்று" என்று எழுதிப் பாஸ் போட்டார். கேப்டன் ஆனேன், தோளில் நாலாவது பட்டை ஏறியது. அம்மா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பரிசோதகர் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தார். பதவி போனதற்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் இடமே கொடுக்கவில்லை.

"இப்ப தெனமும் எனக்க கையாலதாண்டே. இடம் கெடைச்சா பத்து மைலுலயே ஆட்டோபைலட்டக் கழத்திருவேன். அன்னைக்கு மங்களூர்ல எறக்கினேன் பாரு, அங்கயே எறங்கி ஒரு பாட்டுப் பாடலாம்னு இருந்து."

"லெட்டர் வரலையா, சார்?"

"வராம? நாலு வந்துட்டு. ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. இனி எனக்கிட்ட புடுங்க என்ன இருக்கு?" சிரித்தார். "ஒனக்கு எத்தன வந்துது?"

எனக்கு ஒன்றும் வரவில்லை, சார், என்றேன்.

 பின்னால் அவர் வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது.

"செரி, கேப்டன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.